கூடலூர் மரமும் கூடத்து ஜன்னலும்

நீலகிரி மாவட்டம் கூடலூரில் காட்டு மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்கக் கோரி, நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். ஒரு காலத்தில் தம் குடும்பத்தின் பொறுப்பில் இருந்த காடு கண்ணெதிரே அழிகிறதே என்பதுதான் அவருடைய கவலை. 1996 டிசம்பர் 12ஆம் தேதி நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவு கூடலூரோடு நிற்கவில்லை. ஒப்புதல் பெற்ற செயல்திட்டம் இல்லாமல் நாட்டின் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக்கூடாது என்றது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே போவதை நிறுத்தியது. தமிழ்நாட்டுக் காடுகளுக்குத் தனியாகத் தடை விதித்தது.

தாம்பரத்திலோ திருச்சி தில்லைநகரிலோ இன்று ஒரு குடும்பம் பழைய மர ஜன்னலைக் கழற்றிவிட்டு வெள்ளை யுபிவிசி ஜன்னல் போட ஆள் தேடுகிறது என்றால், அந்த உத்தரவுக்கும் அதில் பங்கு உண்டு. அந்த ஒன்றே எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்பது மிகை. ஆனால் தமிழ்நாட்டு வீட்டுக் கதவின் கதையை வெறும் ரசனையின் கதையாகச் சொல்லிவிட முடியாது. மரம் எங்கிருந்து வந்தது, எப்போது வராமல் போனது, அதை அறுத்து இழைத்தவருக்கும் வீட்டுக்காரருக்கும் என்ன கணக்கு வழக்கு இருந்தது என்பவைதான் கதவின் வடிவத்தைத் தீர்மானித்தன.

கதவை மாற்றுவது என்ற வழக்கமே புதியது. பழைய வீடுகளில் கூரை மாறும், சுவர் கரைந்து மறுபடி எழும், நிலையும் கதவும் மட்டும் இருக்கும். வீட்டை இடித்துக் கட்டினால் அதே நிலையைப் புது வீட்டில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது தலைவாசல் கதவு யாருக்கு என்று தகராறு வந்த குடும்பங்கள் உண்டு. அப்படி நீடித்து உழைக்கும் பொருளாக அதைச் செய்தார்கள்.

பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை ஓர் அரண்மனை வாயிலை விவரிக்கிறது. இரும்பால் பிணித்து, செவ்வரக்குப் பூசி, இரட்டைக் கதவு பொருத்திய வாயில். கைதேர்ந்த கம்மியன் முடுக்கி இறுக்கியதால் இடைவெளி தெரியாத மரப் பொருத்தம். கொடி உயர்த்திய யானை நுழையும் உயரம். நிலையில் நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பியிருந்தார்கள். அதே பாட்டில் ஊர் வீடுகளின் சாளரங்களும் வருகின்றன. வேனிலில் தென்றலை உள்ளே விடும் அந்தச் சாளரங்களை, வாடை அடிக்கும் பருவத்தில் கதவைச் சாத்தித் தாழ் போட்டு வைத்திருக்கிறார்கள். அரசியின் பிரிவுத் துயரைச் சொல்ல வந்த புலவர் நக்கீரர், தச்சுவேலையை இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்.

அந்தக் காலத்துக் கதவுக்குக் கீல் கிடையாது. பலகையின் ஒரு ஓரத்திலேயே மேலும் கீழும் குடுமி செதுக்கி, கீழ்க் குடுமியைக் கல்லில் தோண்டிய குழியிலும் மேல் குடுமியை நிலையின் துளையிலும் நிறுத்துவார்கள். கோயில்களில் இன்றும் இதைப் பார்க்கலாம். துருப்பிடிக்க ஒன்றுமில்லை, திருகாணி கழன்று தொங்கவும் ஒன்றுமில்லை. அவ்வப்போது குழியில் சிறிது எண்ணெய் விட்டால் போதும்.

சாதாரண ஊர் வீடுகளுக்கு வேம்பு, பூவரசு, வாகை, பலா. கொஞ்சம் வசதி இருந்தால் வேங்கை, தேக்கு. தெருப்பக்கம் ஜன்னல் குறைவு, இருந்தாலும் சிறியது. வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாக வந்தன. ஆசாரியின் கணக்கு தச்சு முழத்தில் ஓடியது. இன்றைய அளவில் 33 இஞ்ச், அதற்கு 24 தச்சங்குலம். நிலையின் உயரமும் அகலமும் மனையடிக் கணக்குக்குப் பொருந்தி வர வேண்டும். நிலை வைக்கும் நாளில் அடியில் நவதானியமும் காசும் போட்டு, மஞ்சள் தடவி, மாவிலை கட்டி, ஆசாரிக்கு வேட்டி துண்டும் தட்சணையும் தருவார்கள். இந்தச் சடங்கு மட்டும் இன்றுவரை விடாமல் தொடர்கிறது. கதவு இரும்பாக இருந்தாலும் நிலைக்கு மஞ்சள் குங்குமம் உண்டு.

கூலி பெரும்பாலும் காசாக இருந்ததில்லை. கிராமத்து ஆசாரி ஏர் செய்வார், வண்டி பழுது பார்ப்பார், கதவு இழைப்பார். அறுவடையில் களத்து நெல்லில் அவருக்குப் பங்கு வரும். ஒரு வீட்டுக் கதவு இறுகிப்போனால் அதைச் சீவித் தருவது தனி வேலையாகக் கணக்கில் ஏறாது. இதை இனிய பழங்காலம் என்று எண்ணிவிடக் கூடாது. கரூர் பசுபதீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வெங்காலநாட்டுக் கம்மாளர்கள் தங்கள் நல்லது கெட்டதுகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று கொங்கு மன்னன் அளித்த ஆணை அது. ஊருக்கெல்லாம் கதவும் நிலையும் செய்தவர்கள், தம் வீட்டுச் சுவரைப் பூச அரசாணை வாங்க வேண்டியிருந்தது.

இந்த உள்ளூர் மரக் கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு கலைத்தது. கப்பல் கட்டவும் பாலம் போடவும் ஆங்கிலேயருக்குத் தேக்கு வேண்டியிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வெட்டி வெட்டி அது குறைந்தபோது, அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த மலபாரின் கலெக்டர் எச்.வி.கானலி 1840களில் நிலம்பூரில் தேக்கு நடத் தொடங்கினார். விதை முளைக்கவே மறுத்தது. அதை முளைக்க வைத்து தோட்டத்தை உண்டாக்கியவர் சாத்து மேனன் என்ற உள்ளூர் அலுவலர். உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று இன்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்படுவது அதுதான். திருமுல்பாடு பிறந்த கோவிலகமும் அதே நிலம்பூர்தான் என்பது வரலாற்றில் நேர்ந்த ஒரு பொருத்தம்.

ஆனால் தமிழ் வீடுகளுக்குத் தேக்கை அள்ளித் தந்தது நிலம்பூர் அல்ல, பர்மா. 1852இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1863இல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் உருவாகி தேக்குக் காடுகளைக் குத்தகைக்கு எடுத்தது. வெட்டிய மரங்களைக் குறைத்துக் கணக்குக் காட்டியதாக அந்தக் கம்பெனிக்கு மேல் பர்மா மன்னர் தீபாவின் அரசவை 1885இல் பெரும் அபராதம் விதிக்க, அதையே காரணமாக்கி ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். மேல் பர்மாவும் போயிற்று. மன்னரைக் குடும்பத்தோடு கப்பலேற்றி முதலில் சென்னைக்குத்தான் கொண்டுவந்தார்கள். பிறகு ரத்தினகிரிக்கு அனுப்பினார்கள். ஒரு நாட்டின் முடியாட்சியே தேக்குக் கணக்கில் முடிந்தது.

பர்மாத் தேக்கு ஒரு வீட்டு வாசலுக்கு வந்து சேர வருடங்கள் ஆகும். பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. அதனால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிட்டு, நின்றபடியே காய விடுவார்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து வெட்டி, யானைகளைக் கொண்டு ஓடைக்கு இழுத்து, மழை வெள்ளம் வரும்வரை காத்திருந்து, ஐராவதி ஆற்றில் தெப்பமாகக் கட்டி ரங்கூன் ரம்ப ஆலைகளுக்குக் கொண்டுவருவார்கள். அங்கே அறுபட்டுக் கப்பலேறும். ஆற அமரக் காய்ந்த மரம் என்பதால் முறுக்காது, மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு கதவு சிக்காது. மரத்திலேயே எண்ணெய்ப் பசை இருப்பதால் கரையான் நெருங்கத் தயங்கும். இரும்பு ஆணியைத் துருப்பிடிக்க வைக்கவும் செய்யாது. கதவுக்கென்றே பிறந்த மரம் என்று ஆசாரிகள் சொல்வதில் மிகை குறைவு.

இந்தத் தேக்கு முழு அழகோடு நிற்பது செட்டிநாட்டில். நாட்டுக்கோட்டை நகரத்தார் கீழ் பர்மாவின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது, நகரத்தாரின் தொழிலும் விரிந்தது. அங்கே சேர்ந்த பணம் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் வீடுகளாக எழுந்தது. இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்கு. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகளில், கட்டுக்குக் கட்டு வாசல்கள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். முன்வாசலில் நின்றால் கடைசிக் கட்டுவரை பார்வை போகும்.

தலைவாசல் நிலைதான் வீட்டின் கௌரவம். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய சட்டங்கள், ஒவ்வொன்றிலும் கொடி, பூ, அன்னம். மேலே இரு பக்கமும் யானை நீர் சொரிய அமர்ந்திருக்கும் கஜலட்சுமி. உள்ளே ஜன்னல்கள் நான்கு கதவு கொண்டவை. மேலே இரண்டு, கீழே இரண்டு, நடுவில் இரும்புக் கம்பிகள். கீழ்க் கதவைச் சாத்திவிட்டு மேல் கதவைத் திறந்து வைத்தால் தெருவில் போகிறவர் கண்ணில் வீடு படாது, காற்று மட்டும் வரும். திரைச்சீலையின் தேவையே இல்லாத ஏற்பாடு. செட்டிநாட்டில் மட்டுமல்ல, கும்பகோணத்திலும் மயிலாப்பூரிலும் நடுத்தர வீடுகள்கூட இந்த நான்கு கதவு ஜன்னலைப் பிடித்துக்கொண்டன. ஜன்னல் வடிவங்களில் இந்த மண்ணின் வெயிலையும் வீட்டின் கூச்சத்தையும் இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டது வேறொன்றில்லை.

சென்னையில் கதை வேறு வேகத்தில் ஓடியது. தோட்ட வீடுகளில் வெள்ளைக்காரர்கள் சாய்வுப் பலகை வைத்த பச்சை ஜன்னல்களை மாட்டினார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் அதையே செய்தார்கள். முக்கியமான மாற்றம் கதவில் நடக்கவில்லை, கணக்கில் நடந்தது. அரசுக் கட்டடங்கள் ஒப்பந்தத்துக்கு விடப்பட்டன. தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி உயர் நீதிமன்றம், கன்னிமாரா நூலகம், சட்டக் கல்லூரி, விக்டோரியா நினைவு மண்டபம் எனச் செந்நிறக் கட்டடங்களின் ஒப்பந்தக்காரராக உயர்ந்து, சேத்துப்பட்டில் பெரும் சொத்து சேர்த்தார். கணித மேதை ராமானுஜன் 1920இல் உயிர்விட்ட வீடு அவருக்குச் சொந்தமானது. இத்தகைய வேலைகளில் தச்சர் நாள் சம்பளக்காரர் ஆனார். கதவு யாருடையது என்று தெரியாமலே அதை இழைத்தார். வீட்டுக்காரருக்கும் ஆசாரிக்கும் நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் வந்து நின்றது அப்போதுதான்.

1930களின் பொருளாதார மந்தத்தில் கடனைத் திருப்ப முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1930இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் சுமார் 6 சதவீதம் அவர்களிடம் இருந்தது. 1938இல் 25 சதவீதம். பணமாக இருந்த செல்வம் நிலமாக உறைந்துபோனது. உள்ளூர் மக்களின் கோபமும் வளர்ந்தது. 1942இல் ஜப்பானியர் நுழைந்தபோது பலர் கால்நடையாகவே தப்பி வந்தார்கள். சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கியது. நெவினின் ராணுவ ஆட்சி 1960களில் மிச்சமிருந்தவர்களையும் அனுப்பியது.

செட்டிநாட்டு வீடுகளைப் பராமரிக்கப் பணமில்லை. பல பங்காளிகள், ஒரே வீடு. முழுதாக விற்பதைவிடப் பிரித்து விற்பது எளிதாக இருந்தது. தூண், உத்திரம், நிலை, கதவு, ஜன்னல் என்று கழற்றி எடுத்து விற்கும் ஒரு தொழிலே உருவானது. காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெருவில் இன்றும் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கொச்சி யூதத் தெருவின் கடைகளில் செட்டிநாட்டுக் கதவு சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தவர்கள் பலர். நட்சத்திர விடுதிகளின் வரவேற்பறைகளுக்கும் வெளிநாட்டு வீடுகளுக்கும் போனவை இன்னும் அதிகம். சில கதவுகள் மேசைப் பலகையாகிக் கண்ணாடிக்கு அடியில் படுத்திருக்கின்றன.

எல்லாம் அப்படிப் போகவில்லை. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996 டிசம்பரில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகம், பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியது. அதில் செட்டிநாட்டு வீடும் உண்டு. கோதவர்மன் வழக்கின் உத்தரவு வந்ததும் அதே மாதம்தான். அந்த வளாகத்தின் அமைப்புத் திட்டத்தைத் தந்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் நிலைத்த இந்தக் கட்டடக் கலைஞர், ஒரு ஜன்னல் அடைத்துக்கொள்ளும் இடத்துக்குச் செங்கல் சுவர் வைத்தால் செலவு பத்தில் ஒரு பங்குதான் ஆகும் என்று கணக்குக் காட்டியவர். அவர் பரிந்துரைத்த மலிவான ஜன்னல் ஒற்றைப் பலகை. மேலும் கீழும் இரண்டு குழிகளில் சுழல்வது. கோயில் கதவின் குடுமியேதான் அது.

சுதந்திரத்துக்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். வெல்டிங் மெஷின் சிறு நகரங்களுக்கு வந்ததும் கிரில் பட்டறைகள் பெருகின. அன்னம், வீணை, உதயசூரியன், வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்து எல்லாம் இரும்பில் வளைந்தன. மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் நிறுவனம் 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் கிடைத்த பாக்சைட்டும் மேட்டூர் மின்சாரமும் அதற்கு ஆதாரம். கடைகளிலும் அலுவலகங்களிலும் புகுந்த அலுமினிய ஜன்னல் பிறகு வீடுகளையும் எட்டியது. உள்ளறைகளுக்கு ஒட்டுப்பலகையில் செய்த ஃப்ளஷ் டோர். திண்டுக்கல் பூட்டு தொங்கிய இடத்தில் கதவுக்குள்ளேயே பதிந்த பூட்டு. அந்தத் திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அதற்குள் பட்டறைகள் பல மூடப்பட்டுவிட்டன.

தலைவாசலும் ஜன்னல் சட்டமும் மட்டும் மரத்தை விடவில்லை. அங்கேதான் காட்டுச் சட்டங்கள் வந்து மோதின. 1988இன் தேசிய வனக் கொள்கை மரத்துக்கு மாற்றுப் பொருளைத் தேடச் சொன்னது. 1993இல் மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரம் பயன்படுத்துவதையே தடை செய்தது. மூன்றாண்டில் கூடலூர் வழக்கின் உத்தரவு. அதற்கு முன்பே, வெள்ளத்தில் மரக்கட்டைகள் உருண்டு வந்து கிராமங்களை அழித்ததைக் கண்டு தாய்லாந்து 1989இல் காட்டு மரம் வெட்டுவதை நிறுத்தியிருந்தது. கடைசிப் பூட்டு மியான்மர் போட்டது. 2014 ஏப்ரல் 1 முதல் வெட்டிய தேக்கைக் கட்டையாக ஏற்றுமதி செய்யக்கூடாது என்றது.

பர்மாத் தேக்கு என்று சொல்லி விற்பது அதற்குப் பிறகும் நிற்கவில்லை. மரவாடிகளில் கானா தேக்கு, நைஜீரியா தேக்கு, ஈக்வடார் தேக்கு என்று நாடு நாடாக அடுக்கியிருக்கிறார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் கட்டைகள் செங்கோட்டை ரம்ப ஆலைகளுக்குப் போகின்றன. மலேசியா சால், படாக், கோங்கு என்று மாற்று மரங்களும் உண்டு. தோட்டத்தில் வேகமாக வளர்த்து இளசிலேயே வெட்டிய தேக்கில் வைரம் குறைவு, வெள்ளை அதிகம். பார்வைக்குத் தேக்குதான், பெயரும் தேக்குதான். மூன்றாம் மழைக்காலத்தில் கதவு நிலையில் உரசும்போதுதான் வீட்டுக்காரருக்கு வித்தியாசம் புரியும். நல்ல மரம் குறைந்துவந்த காலத்தில்தான் யுபிவிசி வந்து சேர்ந்தது. ஜெர்மனியில் 1950களில் பிறந்த பிளாஸ்டிக் ஜன்னல், 2000க்குப் பிறகு தமிழ்நாட்டுச் சந்தையைப் பிடித்தது. கரையான் கிடையாது, பெயின்ட் கிடையாது, கடற்கரை உப்புக்காற்றில் துருவும் கிடையாது. மூலைகளைச் சூட்டில் ஒட்டியிருப்பார்கள். உள்ளே வலுவுக்கு இரும்புச் சட்டம் செருகியிருப்பார்கள்.

பொருள் மாறியதோடு வேலை செய்கிற ஆளும் மாறினார். ஆசாரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இழைப்புளி ஓட்டுவார். மரத்தூள் வீடெங்கும் பறக்கும், வேலை வாரக்கணக்கில் நீளும், வேளாவேளைக்குக் காப்பி கொடுக்க வேண்டும். இன்று அளவெடுப்பவர் ஒருவர், தொழிற்சாலையில் வெட்டி ஒட்டுபவர் ஒருவர், வந்து மாட்டுபவர் வேறொருவர். காண்ட்ராக்டர் பேசுவது சதுர அடிக் கணக்கு. சென்னையில் மரவேலைக்கு ராஜஸ்தானிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் பெருகிவிட்டார்கள். ஆசாரி குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். முன்னோர்களின் கதையை நினைத்தால் அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இழந்தது ஒன்று உண்டென்றால் அது பொறுப்பு. ஆசாரி செய்த கதவு சிக்கினால் ஆசாரியே வருவார். இப்போது கம்பெனி காண்ட்ராக்டரைக் கை காட்டும், காண்ட்ராக்டர் மாட்டிய ஆளைக் கை காட்டுவார், மாட்டிய ஆள் கொத்தனார் சுவரைச் சரியாகப் பூசவில்லை என்பார். பழைய வீட்டில் ஜன்னல் மாற்றுவது புது வீட்டில் மாட்டுவதைவிடக் கடினம் என்பது பலருக்கும் வேலை தொடங்கிய பிறகே தெரிகிறது. பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் நிலைக்கு மேலே கான்கிரீட் லிண்டல் இருக்காது. செங்கல் வளைவோ மர உத்திரமோ இருக்கும். சில வீடுகளில் நிலையின் மேற்சட்டமே சுவரைத் தாங்கி நிற்கும். முட்டுக் கொடுக்காமல் அதைப் பிடுங்கினால் சுவர் வெடிக்கும். வந்த அன்றே கடப்பாரையை எடுக்கிற ஆளை நிறுத்தி, மேலே என்ன இருக்கிறது என்று கேட்டாக வேண்டும்.

சறுக்கு ஜன்னல் மீது இன்றைக்கு இருக்கும் மோகமும் யோசிக்கத் தக்கது. அடுத்தடுத்த தடங்களில் ஓடும் இரண்டு கண்ணாடியில் ஒன்று மற்றதன் பின்னால்தான் ஒதுங்கும் என்பதால், எவ்வளவு திறந்தாலும் பாதிதான் திறக்கும். ஐந்தடி நான்கு கதவு ஜன்னலை எடுத்துவிட்டு ஐந்தடிச் சறுக்கு ஜன்னல் போட்ட வீட்டில் காற்று பாதியாகிறது. அடுத்த சித்திரையில் ஏசி வாங்கப்படுகிறது. தென்றலுக்காகச் சாளரம் வைத்த ஊரில் இது வேடிக்கையான முன்னேற்றம். கீல் வைத்துத் திறக்கும் யுபிவிசியும் அலுமினியமும் கடையில் கிடைக்கின்றன, கேட்டால்தான் காட்டுவார்கள். கொசுவலையை எந்தப் பக்கம் மாட்டுவது, ஏற்கனவே இருக்கும் கிரில் இருக்குமா போகுமா என்பதையும் அளவெடுக்கும் முன்பே பேசிவிட வேண்டும்.

பணத்தை வாங்கிக்கொண்டு செய்யும் இந்த வேலை நுகர்வோர் சட்டத்தின் கண்ணில் ஒரு சேவை. 1986 சட்டமும் அதன் இடத்துக்கு வந்த 2019 சட்டமும் அப்படித்தான் பார்க்கின்றன. ஆனால் மாவட்ட ஆணையத்தின் முன் போய் நிற்க ஒரு தாள் வேண்டும். வாய்ப்பேச்சில் முடித்துவிட்டு வாட்ஸ்அப்பில் முன்பணம் அனுப்புகிறவர்களிடம் அந்தத் தாள் இருப்பதில்லை. ஜன்னல் சட்டத்தின் கனம், கண்ணாடியின் மில்லிமீட்டர், உள்ளே இரும்பு உண்டா, உடைந்த பூச்சைச் சரிசெய்வது யார், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்ற ஐந்தாறு வரி எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும்.

இதற்கிடையே அரசின் மனமும் மாறியிருக்கிறது. மரத்துக்கு 1993இல் போட்ட தடையை மத்தியப் பொதுப்பணித் துறை 2020இல் விலக்கிக்கொண்டது. அலுமினியம் உருக்கவும் பிளாஸ்டிக் செய்யவும் ஆகும் ஆற்றலைக் கணக்கிட்டால், பொறுப்பாக வளர்த்து வெட்டிய மரம் கெடுதல் குறைந்தது என்பது இப்போதைய வாதம். விவசாயிகள் தங்கள் நிலத்தில் வளர்த்த தேக்கையும் குமிழையும் விற்க இது வழி திறக்கக்கூடும். வீட்டுக்காரர்கள் அதை நம்பி மறுபடி மரத்துக்குத் திரும்புவார்களா என்பது மரத்தின் தரத்தைப் பொறுத்தது, அதைவிட ஆசாரி கிடைப்பதைப் பொறுத்தது.

கதவு ஜன்னல் மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காண்ட்ராக்டர்கள் பலர் தரும் மதிப்பீட்டின் கடைசியில், கழற்றிய பழைய மரத்தை அவர்களே அப்புறப்படுத்துவார்கள் என்று ஒரு வரி இருக்கும். உதவி செய்வதுபோலத் தோன்றும். ஏழடி உயரமும் நாலடி அகலமும் உள்ள ஒரு பழைய தலைவாசல் நிலை, ஐந்துக்கு நாலு இஞ்ச் சட்டத்தில் செய்திருந்தால், நிலை மட்டுமே மூன்று கன அடி மரம். 1942க்கு முன் கட்டிய வீடாக இருந்தால் அது பர்மாத் தேக்காக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, இன்று காசு கொடுத்தாலும் கிடைக்காத வைரம் பாய்ந்த மரம். அந்த வரியில் கையெழுத்துப் போடும் முன், தெரிந்த ஓர் ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டி, ஒரு மூலையை இழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மரவாடியில் கன அடி விலையையும் கேட்டுவிடுங்கள்.